மச்சான் செத்து ஆறு மாசம்

மாமியார் ஒருத்தி மருமகளைக் காப்பாற்றச் சொல்லித் துப்பறியும் அலுவலகத்துப் படியேறி வந்தது, அங்கே வேலை பார்க்கும் ஊசியின் நாலு வருட அனுபவத்தில் இதுதான் முதல் தடவை. மருமகளைப் பின்தொடரச் சொல்லி வந்தவர்கள் உண்டு. பீரோ சாவியை மருமகள் எங்கே ஒளிக்கிறாள் என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. போன மாதம் ஒரு அம்மாள், மருமகளின் சமையலைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று டப்பாவோடு வந்து நின்றாள். இந்த அம்மாள் கையில் டப்பா இல்லை, ஒரு ஃபைல்தான் இருந்தது.

"நாலு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள கண்டுபிடிக்கணும்" என்றாள். அப்போது மணி பதினொன்று.

துப்பறிவாளர் கொக்கி ஃபைலை வாங்கிக்கொண்டார். கொக்கி என்பது பட்டப்பெயர்தான். ஆளின் உயரத்துக்குக் கழுத்து கொஞ்சம் அதிகப்படி. அது முன்பக்கமாக வளைந்து, எதிரில் இருப்பவரிடம் எப்போதும் ஏதோ கேட்டுக்கொண்டே இருப்பது போல நிற்கும். துப்பறியும் தொழிலுக்கு இதைவிட வசதியான உடம்பு கிடையாது. அவருடைய உதவியாளர் ஊசி, தான் ஒல்லியாக இருப்பதால்தான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்லிக்கொள்வாள். அவள் வாயில் ஒரு தடவை மாட்டியவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

விஷயம் இதுதான். மருமகளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் வேலை. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் பிரிவு இந்தப் பக்கம், ஒரு பழைய கட்டடத்தில். இவள் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் அனுப்பினால் அங்கே ஒரு டாக்டர் பார்த்து, நோயாளியை அறுப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு சொல்வார். போன வாரம் மூன்று நாள் காலையில் படம் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்றாவது நாள், சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனார் தலையில் ரத்தக்கட்டோடு அறுவை அறை வாசலில் நாற்பது நிமிடம் கிடந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் இடது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை.

யார் மேல் தப்பு என்று ஆஸ்பத்திரி யோசித்ததே பத்து நிமிடம்தான். நெட்வொர்க் மேனேஜர் ஒரு கிராஃபைக் காட்டி, மூன்று நாளும் லைன் பளிங்கு மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டார். லைன் நன்றாக இருந்தால் ஆள்தான் தாமதம். அந்த மெஷினோ, அனுப்பி முடித்த நேரத்தைக் குறித்து வைக்குமே தவிர, ஆரம்பித்த நேரத்தைக் குறிக்காது. ஆகவே மருமகள் படத்தை எடுத்து வைத்துவிட்டு ஃபோனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தாள் என்று முடிவு கட்டி, பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டார்கள். விசாரணை என்பது பேருக்குத்தான். சாயங்காலம் வேலை போய்விடும். அந்தக் காரணத்துக்காக வேலை போனவளை வேறு எந்த ஆஸ்பத்திரியும் வாசலில்கூட நிற்க விடாது.

"அவளை நான் திட்டுவேன். அது எங்க வீட்டு விஷயம்" என்றாள் மாமியார். "ஃபோன்ல கதையடிச்சான்னு சொல்றாங்களே, அவ யார்கிட்ட அடிப்பா? என்கிட்டதான் அடிப்பா. அந்த மூணு நாளும் எனக்கு ஃபோன் வரல."

கொக்கியின் கழுத்து இன்னும் இரண்டு விரற்கடை வளைந்தது. அது அவர் வழக்கை எடுத்துக்கொண்டார் என்பதற்கு அடையாளம்.

அந்த அம்மாள் முப்பது வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆஸ்பத்திரியின் விதிமுறைப் புத்தகத்தை வரி விடாமல் படித்து, குற்றம் சாட்டப்பட்டவர் தன் உதவிக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம், அவர்கள் எந்த அறையையும் பார்க்கலாம் என்ற பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தின் நகல் மூன்று பிரதி ஃபைலில் இருந்தது.

நெட்வொர்க் மேனேஜரின் அறை பெரிய ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் இருந்தது. ஏசி குளிர் எலும்புக்குள் போனது. ஒரு சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஊழியர்கள் அவருக்குப் பச்சை என்று பெயர் வைத்திருப்பது லிஃப்ட் ஏறும்போதே ஊசிக்குத் தெரிந்துவிட்டது. லிஃப்டில் வந்த நர்ஸ் ஒருத்தி, பச்சையைப் பார்க்கவா போறீங்க, சட்டைக்கு மேல ஒரு சட்டை போட்டுக்குங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆள் நல்லவராகத்தான் தெரிந்தார். தன் திரையைப் பற்றிப் பேசச் சொன்னால், பிள்ளை மார்க் வாங்கியதைச் சொல்லும் அப்பா மாதிரி முகம் மலர்ந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும், தகவலுக்கு வழி பிரித்து அனுப்ப ஒரு ரவுட்டர். நம்பர் வைத்தால் மறந்துபோகும் என்று அவர் எல்லாவற்றுக்கும் உறவுமுறை வைத்திருந்தார். ஸ்கேன் பிரிவில் இருப்பது சித்தி. இங்கே கீழ்த்தளத்தில் இருப்பது பெரியப்பா. இரண்டுக்கும் நடுவில் ஆற்றுப் பாலத்தின் அடியில் ஒரே நேர் லைன்.

"சொந்தக்காரங்க பேரு வெச்சா லைன்ல சண்டை வராதா சார்?" என்றாள் ஊசி.

பச்சை அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. போன வாரத்து கிராஃபைத் திரையில் போட்டார். கொக்கிக்குக் கம்ப்யூட்டர் என்றால் சுவிட்ச் போடத் தெரியும், அணைக்கத் தெரியாது. அவர் ஊசியைப் பார்த்தார். அவள் இந்த வேலைக்கு வருமுன் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் மூன்று வருடம் புகார் கேட்கும் நாற்காலியில் இருந்தவள்.

"இதுக்குப் பேரு பிங், பாஸ். ஒரு ரவுட்டர் இன்னொரு ரவுட்டரைக் கூப்பிட்டு 'இருக்கியா?'ன்னு கேக்கும். அது 'இருக்கேன்'னு சொல்லும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அளக்கறாங்க."

"என் தம்பியும் நானும் இருபது வருஷமா இப்படித்தான் பேசிக்கறோம்" என்றார் கொக்கி.

சித்தி கேட்டு பெரியப்பா பதில் சொல்ல நாலு மில்லி செகண்ட். திங்கள் நாலு. புதன் நாலு. கொத்தனார் கிடந்த வெள்ளிக்கிழமையும் நாலு. ஒரு கேள்விகூட வழியில் தொலையவில்லை. கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தது போல இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனது. பச்சை கையைக் கட்டிக்கொண்டு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற மாதிரி நின்றார்.

ஊசி திரைக்கு அருகில் போய் மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்த்தாள். "சார், உங்க ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கு ஈசிஜி இப்படி நேரா ஓடினா, நல்லா இருக்கார்னு சொல்லுவீங்களா, இல்ல வீட்டுக்குத் தகவல் சொல்லுவீங்களா?"

பச்சைக்குக் கோபம் வந்தது. ஊசி விளையாட்டை விட்டுவிட்டு விளக்கினாள். ஒற்றை வீடியோ மாதிரிச் சின்ன ஓட்டம் கோட்டை அசைக்காது, ஆனால் ஸ்கேன் படம் சின்னச் சாமான் இல்லை. ஒரு படம் போகும்போது லைனில் கூட்டம் கூடும், அந்த நேரத்தில் இந்தக் கேள்வி பதிலும் கொஞ்சம் தாமதப்படும், கோடு கொஞ்சமாவது நடுங்கும். இந்தக் கோடு மூன்று நாளும் நடுங்கவே இல்லை. அப்படியென்றால் அந்த நேரத்தில் இந்த லைனில் எந்தப் படமும் போகவில்லை.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார் பச்சை, ஜெயித்துவிட்ட குரலில். "அவங்க அனுப்பவே இல்ல."

ஊசிக்குச் சப்பென்று போய்விட்டது. தானே மருமகளின் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்துவிட்டோமே என்று திரையை விட்டு விலகி வந்தாள். கொக்கி மட்டும் அசையவில்லை. படம் கடைசியில் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை எட்டு ஐம்பத்திரண்டு என்றார் பச்சை.

"எட்டு அம்பத்திரண்டுல கோடு நடுங்கியிருக்கா?"

பச்சை திரையைப் பார்த்தார். நாலு. அதற்கு முன்னால் நாலு. அதற்குப் பின்னால் நாலு.

"வந்து சேந்த நேரத்துலயும் அசையல. அப்போ படம் ஆத்து மேல பறந்தா வந்துச்சு?"

பச்சை கிராஃபை மறுபடி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். கொக்கி அவரைச் சீண்டவில்லை. நீங்கள் சொல்வதுதான் சரி என்று எழுதிக் கொடுக்கவே வந்திருக்கிறோம், ஒரே ஒரு தடவை அந்த ஸ்கேன் அறையில் உட்கார்ந்து இதையே அளந்து காட்டிவிடுங்கள், நாங்கள் போய்க்கொண்டே இருக்கிறோம் என்று தேனொழுகப் பேசினார். தன் பச்சைக்கு வந்த பங்கத்தைத் துடைக்க மேனேஜர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஸ்கேன் பிரிவின் நடையில் ஒரு பெஞ்சில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். மெஷினைத் தொடக்கூடாது என்று உத்தரவு. உள்ளே தற்காலிகமாக ஒருத்தரைப் போட்டிருந்தார்கள். மாமியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை ஒழுங்கா வாரிட்டு வரக்கூடாதா, விசாரணைக்கு வர்ற லட்சணமா இது என்று அதட்டிவிட்டு, தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்தாள்.

நடந்ததை மருமகள் நிதானமாகச் சொன்னாள். எட்டு பன்னிரண்டுக்கு அனுப்பு பொத்தானை அமுக்கினாள். எவ்வளவு போயிருக்கிறது என்று மெஷினில் காட்டும் கோடு கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. ஐந்தாவது மாடிக்கு ஃபோன் போட்டாள். லைன் பச்சையாக இருக்கிறது, உங்கள் பக்கம்தான் கோளாறு என்று பதில். மறுபடி போட்டாள். அதே பதில். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை.

"எல்லாரும் அதையே சொல்லச் சொல்ல, நான்தான் லேட்டா அமுக்கிட்டேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். "அந்த கொத்தனாரை ஸ்கேனுக்குக் கொண்டு வந்தப்போ அவரோட பொண்டாட்டி இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தா."

மூன்று வருடம் ஊசியும் அந்தப் புகார் நாற்காலியில் உட்கார்ந்து இதே வாக்கியத்தைச் சொன்னவள்தான். லைன் நல்லா இருக்கு, உங்க பக்கம்தான் கோளாறு. ஒரு நாளைக்கு நூறு தடவை. எதிரில் பச்சை விளக்கு எரிந்தது, அதை நம்பிச் சொன்னாள். அந்த நூறு பேரில் எத்தனை பேர் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது நினைக்க அவமானமாக இருந்தது.

இதற்குள் பச்சை ஸ்கேன் அறைக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கனத்த ஈயக் கதவு. தள்ளினார், நகரவில்லை. இழுத்தார், நகரவில்லை. தோளைக் கொடுத்து முட்டினார். தரை துடைக்க வந்த பெண் வாளியைக் கீழே வைக்காமலே, ஒரு விரலால் கதவைப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டு உள்ளே போனாள்.

கொக்கி ஊசியின் காதருகே குனிந்தார். "இந்த ரூமுக்கு மனுஷன் வந்ததே இல்ல."

ஊசிக்கு அந்த நொடியில் பொறி தட்டியது. வந்ததே இல்லை என்றால், இங்கிருந்து அளந்ததும் இல்லை. பச்சை காட்டிய கேள்வி, சித்தி என்கிற ரவுட்டர் தானே பெரியப்பாவைக் கேட்கிற கேள்வி. இந்த நாற்காலியிலிருந்து யாரும் எதுவும் கேட்டதே கிடையாது.

மெஷினுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் பெரியப்பாவைக் கூப்பிட்டாள். அறுபத்தொன்று மில்லி செகண்ட். எழுபத்துநாலு. மூன்றாவது கேள்விக்குப் பதிலே இல்லை. அடுத்தது ஐம்பத்தெட்டு.

பச்சை சிரித்தார். அசட்டுச் சிரிப்பு. தன் லேப்டாப்பைத் திறந்து சித்திக்குள் புகுந்து, அங்கிருந்து அதே கேள்வியைக் கேட்டார். நாலு. நாலு. நாலு. இரண்டு திரையும் ஒரே மேஜையில், ஒன்று ஓடியது, ஒன்று நொண்டியது.

"இப்போ வழி கேக்கறேன்" என்றாள் ஊசி. "போற வழியில நிக்கற ஒவ்வொருத்தன்கிட்டயும் உன் பேரு என்னன்னு கேட்டுக்கிட்டே போகும் பாஸ்."

முதல் வரியில் சித்தி வந்தாள். அடுத்து நேராக பெரியப்பா வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாவது வரியில் மச்சான் என்று வந்தது. மூன்றாவதில் சகலை, இன்னொரு கட்டடத்து ரவுட்டர். நாலாவதாகத்தான் பெரியப்பா.

பச்சையின் முகத்தில் ஈயாடவில்லை. "மச்சானா? மச்சான் செத்து ஆறு மாசம் ஆச்சே."

ஊசி அனுதாபம் தெரிவித்தாள். மச்சான் என்பது பழைய ரவுட்டர். நேர் லைன் வருமுன் ஸ்கேன் பிரிவின் போக்குவரத்து எல்லாம் பக்கத்து நர்சிங் மாணவிகள் விடுதி வழியாகத்தான் சுற்றிப் போகும். புது லைன் வந்ததும் மச்சானைக் கழற்றியாகிவிட்டது. கழற்றியதற்கு அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"கழட்டறதை நேர்ல பாத்தீங்களா, கையெழுத்து மட்டும் போட்டீங்களா?" என்று கொக்கி கேட்டார். பச்சை லேப்டாப்பை மூடிக்கொண்டு விடுதிக்கு வழி காட்டி முன்னால் நடந்தார்.

விடுதி வார்டன், ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே கையை நீட்டி நின்றுவிட்டார். மாமியார் விதிமுறையின் மூன்றாவது பிரதியை எடுத்து நீட்டினாள். வார்டன் அதைப் படித்து முடிக்குமுன் கொக்கி மாடிப்படி அடியில் குனிந்துவிட்டார். அவருக்கு அது சிரமமே இல்லை, பாதிக் குனிவு ஏற்கெனவே இருக்கிறது.

படிக்கு அடியில் துடைப்பம், உடைந்த நாற்காலி, பினாயில் கேன். அதற்குப் பின்னால் சுவரோரப் பலகையில் மச்சான் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தான். தொட்டால் நன்றாகச் சுட்டது. அந்தச் சூட்டை வீணாக்க மனமில்லாமல் யாரோ இரண்டு ஜோடி காலுறைகளை அவன் முதுகில் காயப்போட்டிருந்தார்கள். கொக்கி அவற்றைப் பென்சிலால் தூக்கி, வெகு மரியாதையாக வார்டனிடம் கொடுத்தார்.

வெளியே வரும்போது அவர் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ் முன்னால் நின்றுவிட்டார். சீஃப் டாக்டரின் நேரலை வீடியோ வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி, காலை எட்டு மணி. அடியில் கொட்டை எழுத்தில், இப்போது தடையில்லாமல். பக்கத்தில் சிரித்த முகத்தோடு சீஃபின் படம்.

மாணவிகள் இதைப் பார்ப்பார்களா என்று கொக்கி சும்மா கேட்டார். முதல் இரண்டு மாதம் ஒருத்தியும் பார்க்கவில்லை என்றார் வார்டன். போன வாரம்தான் சீஃபே கட்டாயம் என்று உத்தரவு போட்டார். இப்போது இருநூறு பேரும் எட்டு மணிக்கு ஃபோனைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பல் தேய்க்கிறார்கள்.

கொக்கி ஊசியைப் பார்த்தார். ஊசி மச்சானைப் பார்த்தாள். விடுதியின் இன்டர்நெட் முழுக்க இவன் வழியாகத்தான். அந்த இருநூறு ஃபோனும் இவன் முதுகில்தான். எட்டு பன்னிரண்டுக்குக் கொத்தனாரின் தலைப்படமும் இந்த வழியாகத்தான் வந்து, இருநூறு சீஃப் முகங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது.

"சரி, படத்தை இந்தப் பக்கம் திருப்பி விட்டது யாரு?" என்றாள் ஊசி.

அது சித்திக்குள் ஒரு விதியாக எழுதப்பட்டிருக்கும். ஸ்கேன் அறையிலிருந்து வருவதை மட்டும் திருப்பு என்கிற விதி. சித்தி தானே கேட்கிற கேள்விக்கு அது பொருந்தாது, அதனால்தான் ஐந்தாவது மாடியில் எல்லாம் பச்சை. மேனேஜர் நடையில் நின்றபடியே லேப்டாப்பைத் திறந்தார். இந்தத் தொழிலில் விதி எழுதுகிறவர்கள் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைப்பார்கள், பின்னால் வருகிறவனுக்காக. நாலைந்து வரி இருந்தது. அவர் படித்தார். பேயறைந்தவர் போல ஆனார். ஊசி எட்டிப் பார்க்குமுன் டப்பென்று மூடிவிட்டார்.

எவ்வளவு கேட்டும் குறிப்பைக் காட்டவில்லை. எனக்கு ரெண்டு பொண்ணுங்க, என்னை விட்டுடுங்க என்று மட்டும் சொன்னார். மணி மூன்று ஐம்பது.

விசாரணை ஸ்கேன் பிரிவின் கூட்ட அறையில். தலைமை நாற்காலியில் சீஃப் டாக்டர். நோட்டீஸில் சிரித்த அதே முகம், நேரில் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு நிர்வாகிகள், அவர் தலையாட்டினால் ஆட்டுவதற்கு. மருமகள் எதிரே நின்றாள், தலை ஒழுங்காக வாரியிருந்தது.

சீஃப் மளமளவென்று ஆரம்பித்தார். லைன் நன்றாக இருந்ததா என்று மேனேஜரைக் கேட்டார். பச்சை எழுந்து, சித்திக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் நாலு மில்லி செகண்ட் என்றார். அது பொய் இல்லை, அதுதான் கொடுமை. ஊசி எழுந்து மச்சானைப் பற்றிச் சொல்ல, சீஃப் கையசைத்து உட்கார வைத்தார். அந்த மாதிரி வழி யார் போட்டது, எதற்காகப் போட்டது, ஆதாரம் இருக்கிறதா? இல்லையென்றால் இது திசைதிருப்பும் வேலை. நிர்வாகிகள் தலையாட்டினார்கள். சீஃப் பேனாவைத் திறந்தார்.

ஊசிக்கு அந்த லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்று இருந்தது. கொக்கி எழுந்தார். வழக்கத்தைவிடப் பணிவாக வளைந்து நின்றார்.

"ஒரு சந்தேகம் சார். வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. உங்க காலை வகுப்பு முன்னாடியெல்லாம் திக்கும்னு கேள்விப்பட்டேன். இப்போ எப்படி?"

சீஃபுக்குக் கோபமா சந்தோஷமா என்று ஒரு வினாடி தெரியவில்லை. சந்தோஷம் ஜெயித்தது. இரண்டு மாதமாகக் கண்ணாடி மாதிரி வருகிறது என்றார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்க்கிறார்களாம்.

"யார் சார் சரி பண்ணது?"

"வேற யாரு, எங்க மேனேஜர்தான். ஒரு வார்த்தைதான் சொன்னேன், நேர் லைனை எனக்கு ஒழிச்சுக் குடுங்கன்னு. மறுநாளே பண்ணிட்டார். கெட்டிக்காரர்." சீஃப் பச்சையைப் பார்த்துத் தாராளமாகத் தலையசைத்தார்.

இருந்திருந்து வந்த ஒரே பாராட்டு, வந்த நேரத்தைப் பார். அதை வாங்கிக்கொண்டால் அந்த விதியும் அவருடையது, நாற்பது நிமிடமும் அவருடையது, கொத்தனாரின் இடது கையும் அவருடையது. பச்சை மருமகளைப் பார்த்தார். அவள் அவரைத் திட்டுகிற மாதிரி பார்க்கவில்லை, களைத்துப்போய்ப் பார்த்தாள்.

"நான் இல்ல சார்" என்றார்.

"என்னது?"

"நான் பண்ணல. என்கிட்ட நீங்க சொல்லவே இல்ல. என் அசிஸ்டென்ட்கிட்ட சொல்லியிருக்கீங்க. அவர் வேலையை விட்டுப் போயி ஒரு மாசம் ஆகுது. எழுதி வெச்சிட்டுப் போயிருக்கார்." லேப்டாப்பைத் திறந்து, விடாமல் படித்தார்.

"சீஃப் டாக்டர் வாய்மொழியாகச் சொன்னது. ஸ்கேன் கட்டடத்திலிருந்து அவர் நடத்தும் வீடியோ திக்குகிறதாம். நேர் லைனை அவருக்கு விட்டுவிட்டு, ஸ்கேன் அறையிலிருந்து வருவதை மச்சான் வழியாகத் திருப்பியிருக்கிறேன். மேனேஜரிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். தற்காலிகம். பிறகு மாற்ற வேண்டும். என்மேல் பழி வேண்டாம்."

தலையாட்டும் நிர்வாகிகள் இருவரும் தங்கள் தலையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை நிறுத்தவில்லை. அளக்க வேண்டிய இடத்தில் நான் அளக்கவில்லை, மூன்று தடவை ஃபோன் பண்ணியும் எழுந்து வந்து பார்க்கவில்லை, அது என் தப்பு என்று மருமகளைப் பார்த்தே சொன்னார். பிறகு எல்லார் எதிரிலும் அந்த விதியை அழித்தார். ஒரு பொத்தான். ஆறு மாதம் சாகாத மச்சான், ஸ்கேன் அறையைப் பொறுத்தவரை, அதில் செத்துப்போனான்.

சீஃப் தொண்டையைக் கனைத்து, இதை வேறொரு நாள் விரிவாகப் பார்க்கலாம், விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது என்றார். அப்போதுதான் கதவு பக்கவாட்டில் நகர்ந்தது. தற்காலிகமாகப் போட்ட ஆள், முகம் வெளுத்து நின்றான். ஆம்புலன்ஸில் ஒரு அம்மா வந்திருக்கிறார், தலையில் அடி, மெஷினில் இவனுக்குக் கை ஓடவில்லை.

மருமகள் யாரையும் கேட்கவில்லை. அவனைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள்.

"போகட்டும், போகட்டும். வேலையில சேந்துக்கச் சொல்லுங்க, நான் சொல்லிட்டேன்ல" என்று சீஃப் எழுந்தார்.

மாமியார் ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தாள். "எழுதிக் குடுங்க சார். நீங்க வாயால சொன்னது எந்த வழியா சுத்திக்கிட்டு வரும்னு தெரியாது."

சீஃப் கொக்கியைப் பார்த்தார். கொக்கி கதவுக்கும் அவருக்கும் நடுவில் வளைந்து நின்றிருந்தார். சீஃப் உட்கார்ந்து எழுதினார். மாமியார் படித்துப் பார்த்து, குற்றச்சாட்டு என்று போட்டிருக்கிறீர்கள், தவறான குற்றச்சாட்டு என்று போடுங்கள் என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது தாளில் மருமகளின் பதவி தப்பாக இருந்தது. மூன்றாவது தாளில் கையெழுத்துப் புரியவில்லை, மருந்துக்கடைக்குக் கொண்டுபோனால்தான் படிக்க முடியும் என்றாள். முப்பது வருடம் நீதிபதிகளையே திருத்தச் சொன்னவள். சீஃப் நாலாவது தாளை எடுத்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி மெதுவாக எழுதத் தொடங்கினார்.

அவருடைய ஃபோன் அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, படம் பார்க்கிற டாக்டர். குரல் அறை முழுக்கக் கேட்டது. அந்த அம்மாவின் படம் வந்துவிட்டதாம். பார்த்தாகிவிட்டதாம். அறுவை அறை தயாராகிறதாம். இத்தனை சீக்கிரம் எப்படி வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

ஊசி திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். கண் கலங்குவதைக் கொக்கி பார்த்தால் ஒரு மாதத்துக்கு விடமாட்டார்.

சீஃபின் பேனா நின்றிருந்தது. மாமியார் விரலால் தாளைத் தட்டினாள்.

"அவ வேலையை முடிச்சிட்டா. நீங்கதான் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கீங்க. தேதி போடுங்க."

சீஃப் தேதி போட்டார்.